பாட வராத ஆசிரியரின் இசை வகுப்பு

“எனக்குப் பாடவே வராது. நான் எப்படி இசை சொல்லித் தருவது?” கலைத் திருவிழா அறிவிப்பு வந்ததும் ஆசிரியர் அறைகளில் கேட்கும் கேள்வி இது. நம் அரசுப் பள்ளிகள் பலவற்றில் இசைக்கெனத் தனி ஆசிரியர் இல்லை. பொறுப்பு தமிழாசிரியரிடம் வந்து சேரும், அல்லது கொஞ்சம் பாடத் தெரிந்த யாராவது ஒருவரிடம். அவர் குரல் வளமுள்ள நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுப்பார், ஒரு பாட்டைப் பழக்குவார், மேடை ஏற்றுவார். 2022-23ஆம் கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா அந்த நான்கைந்து பேருக்கு நல்ல வாசலைத் திறந்திருக்கிறது. அதில் மாற்றுக் கருத்தில்லை.

மீதமுள்ள முப்பது பேர்? அவர்கள் கைதட்டுவதோடு சரி. குரல் பிசிறும் பிள்ளையிடம் “நீ வாயை மட்டும் அசை, போதும்” என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அந்தப் பிள்ளை பெரியவராகி, ஆசிரியராகி, பணியில் சேர்ந்த பிறகும் ‘எனக்குப் பாட வராது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த முப்பது பேருக்கானது. பாட வராது என்று சொல்லும் ஆசிரியருக்கும் ஆனது. வகுப்பறை இசை தொண்டையில் தொடங்க வேண்டியதில்லை. காதிலும் கையிலும் தொடங்கலாம். அதற்கு வேண்டிய பொருள்கள் தேனி மாவட்டத்தில் நம்மைச் சுற்றியே கிடக்கின்றன. வேறு மாவட்டத்தில் இருப்பவர்கள் ஊர்ப்பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பேருந்தில் ஒரு தாளம்

தேனியிலிருந்து குமுளி செல்லும் பேருந்தில் நடத்துநர் ஊர்ப்பெயர்களை அடுக்கிச் சொல்வதைக் கேட்காத பிள்ளை நம் வகுப்பில் இருக்காது. தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், குமுளி. இந்த ஏழு பெயர்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு பாடவேளைக்கு இதுவே போதும்.

செய்யுளில் அசை பிரிப்பது நமக்குத் தெரியும். நேரசைக்கு ஒரு கைதட்டு. நிரையசைக்குத் தொடையில் விரைவாக இரண்டு தட்டு. அந்த இரண்டும் சேர்ந்து ஒரு கைதட்டின் நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். வாயால் சொல்வதென்றால் நேருக்குத் ‘தாம்’, நிரைக்குத் ‘தக’. இப்போது ஊர்களைச் சொல்லிப் பாருங்கள். தேனி: தாம் தாம். வீரபாண்டி: தாம் தக தாம். சின்னமனூரும் அதேதான்: தாம் தக தாம். உத்தமபாளையம் சற்று நீளம்: தாம் தக தாம் தக. கம்பம்: தாம் தாம். கூடலூர்: தாம் தக. குமுளியில் அது தலைகீழாகத் திரும்பும்: தக தாம்.

இனி ஆதி தாளம். எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. பாதி வகுப்பு இந்தத் தாளத்தைப் போடட்டும். மறுபாதி ஓர் அசைக்கு ஓர் எண்ணிக்கை என்ற கணக்கில் ஊர்ப்பெயர்களைச் சொல்லட்டும். தேனி இரண்டு, வீரபாண்டி மூன்று, சின்னமனூர் மூன்று: எட்டு, முதல் சுற்று முடிந்தது. உத்தமபாளையம் நான்கு, கம்பம் இரண்டு, கூடலூர் இரண்டு: மீண்டும் எட்டு. யாரும் திட்டமிடாமலே நம் சாலை ஆதி தாளத்தில் அமைந்திருக்கிறது! மூன்றாம் சுற்றில் குமுளி இரண்டு எண்ணிக்கைதான். மிச்சம் ஆறு.

அந்த ஆறை என்ன செய்வது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். சில குழுக்கள் ஆறு எண்ணிக்கையும் அமைதியாக விடும். அதுவும் இசைதான், அதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிலர் ஊர் சேர்ப்பார்கள். ‘இறங்குங்க இறங்குங்க’ என்று யாராவது கத்தினால் வகுப்பு வெற்றி பெற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். இ-றங் நிரை, குங் நேர், க நேர். மூன்றும் மூன்றும் ஆறு. தாளம் நிறைந்துவிட்டது.

ஆறாம் வகுப்பில் நேர், நிரை என்ற பெயர்களே வேண்டாம். தாம், தக போதும். உயர்நிலை வகுப்பில் அலகிடுதல் வரும்போது, “அன்று கூடலூருக்குத் தட்டினோமே, அதற்குப் பெயர் கூவிளம். குமுளி புளிமா. கம்பம் தேமா. சின்னமனூர் கூவிளங்காய்” என்று சொன்னால், வாய்பாடு மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலாக இருக்காது. கை ஏற்கெனவே அறிந்த ஒன்றுக்குப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவே. யாப்பிலக்கணம் கசக்கிறது என்று வருந்தும் தமிழாசிரியர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஊர்ப்பெயர் முடிந்தால் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. வகுப்பில் எத்தனை தேமா, எத்தனை கருவிளம் என்று கணக்கெடுப்பதில் ஓர் அரைமணி நேரம் போவதே தெரியாது.

கணித ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. ஒரு குழு ‘தகிட’ என்று மூன்று மூன்றாக எண்ணி முதல் எழுத்தில் மட்டும் தட்டட்டும். இன்னொரு குழு ‘தகதிமி’ என்று நான்கு நான்காக. இருவரும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி எப்போது சேர்ந்து தட்டுவார்கள்? பன்னிரண்டு முடிந்து பதின்மூன்றாவது எண்ணிக்கையில். மீச்சிறு பொது மடங்கை இப்படிக் காதால் கேட்ட பிள்ளை மறக்காது. ஐந்தும் ஏழும் எடுத்துக்கொண்டால் முப்பத்தாறாவது எண்ணிக்கை வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் வகுப்பு மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஏழு பெண்கள், ஏழு சுரங்கள்

கூடலூரை ஒட்டிய மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் அங்கே ஏறிச் செல்லும் குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஏராளம். கண்ணகி கதை இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரிந்த கதை. அந்தக் கதைக்குள் ஓர் அருமையான இசை வகுப்பு இருப்பதை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை.

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், மதுரை ஆயர்பாடியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. மாடுகளின் துயர் நீங்கக் குரவை ஆடுவோம் என்கிறாள் மாதரி. ஏழு ஆயர் பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயரையே இடுகிறாள். ஏழு பெண்களும் வட்டமாகக் கைகோத்து நிற்கும்போது அந்த வட்டமே ஓர் இசைக்கருவி ஆகிவிடுகிறது.

இதை அப்படியே வகுப்பில் செய்யலாம். ஏழு மாணவர்களை வட்டமாக நிறுத்துங்கள். குரல் என்பது ச, துத்தம் ரி, கைக்கிளை க, உழை ம, இளி ப, விளரி த, தாரம் நி என்று பொதுவாக இன்றைய பெயர்களோடு பொருத்திச் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் சுரம் மட்டும்தான் சொந்தம். ஆசிரியரோ ஒரு மாணவரோ நடுவில் நின்று, யாரைச் சுட்டுகிறாரோ அவர் தன் சுரத்தைப் பாட வேண்டும். சுட்டும் வரிசையே பாட்டு. முதல் நாளிலேயே ஏழும் வேண்டாம். குரல், இளி இரண்டோடு தொடங்குங்கள். காதுக்கு எளிதில் பிடிபடும் இணை அது. பிறகு மூன்றாவதைச் சேர்க்கலாம்.

சுரத்தைச் சரியாகக் காட்ட எனக்குக் குரல் இல்லையே என்றால், கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் பியானோ செயலி ஒன்று போதும். ஒரு செய்தியை மட்டும் மறக்க வேண்டாம். பிள்ளைகளின் குரல் நம் குரலைவிட உயரமானது. ஆண் ஆசிரியர் தன் வசதிக்குத் தாழ்ந்த சுருதியில் பிடித்தால் பிள்ளைகளால் அங்கே இறங்க முடியாது. உடனே ‘இவனுக்குச் சுருதி சேரவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவோம். பல நேரம் சிக்கல் பிள்ளையின் குரலில் இல்லை, நாம் தொடங்கிய இடத்தில் இருக்கிறது.

அப்படியும் சேராத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களை வட்டத்தைவிட்டு வெளியே அனுப்பாதீர்கள். ஒரே சுரத்தைத் தொடர்ந்து ‘ம்ம்’ என்று பிடித்துக்கொண்டிருக்கும் சுருதிப்பெட்டி வேலையைக் கொடுங்கள். நான்கு பேர் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும்போது, அருகிலிருப்பவரின் ஒலியைக் கேட்டுத் தன் ஒலியைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் தானாக வரும். நடுவில் நின்று சுட்டும் வேலையை, வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு சொல்கூடப் பேசாமல் ஏழு பேரைப் பாட வைக்கும் அதிகாரம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

கம்பி, தண்ணீர், டம்ளர்

அறிவியலில் ஒலி பற்றிய பாடம் வரும்போது சத்துணவுக் கூடத்திலிருந்து நான்கு எவர்சில்வர் டம்ளர்களை வாங்கி வாருங்கள். வெவ்வேறு அளவில் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டினால், தண்ணீர் கூடக்கூட ஒலி தாழும். ஜலதரங்கத்தின் அடிப்படை இது. இப்போது குறுகிய கழுத்துள்ள பாட்டில்களில் அதேபோல் ஊற்றி வாய்ப்பகுதியில் ஊதச் சொல்லுங்கள். இங்கே தண்ணீர் கூடினால் ஒலி உயரும்! ஏன் இப்படி என்று பிள்ளைகளையே சண்டை போட விடுங்கள். தட்டும்போது அதிர்வது பாத்திரமும் தண்ணீரும். எடை கூடினால் அதிர்வு மெதுவாகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்றின் இடம் குறுகுகிறது.

ஒரு பலகையில் இரண்டு ஆணி, இடையே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி. நீளம் 60 செ.மீ. அதை மீட்டினால் வரும் ஒலியைக் குரல் என்று வைத்துக்கொள்வோம். அடியில் ஒரு மரத்துண்டைக் குதிரையாக வைத்து நகர்த்தி, 40 செ.மீ. பகுதியை மீட்டினால் இளி. 45 செ.மீ. என்றால் உழை. சரிபாதி 30 செ.மீ.யில் அதே குரல் ஒரு படி மேலே. பின்னத்தைக் காதால் கேட்கும் வகுப்பு இது. 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் இத்தகைய சுரக் கணக்குகளில்தான் ஆண்டுக்கணக்காக மூழ்கிக் கிடந்தார். அவர் நம் பக்கத்துத் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை நினைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கலாம்.

பாட்டியிடமிருந்து வரும் பாட்டு

இசை என்றதும் இந்த மாவட்டத்தில் எல்லாரும் சொல்லும் பெயர் இளையராஜா. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். பதினான்கு வயதுவாக்கில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். 1960களின் இறுதியில் சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். 1976இல் அன்னக்கிளி வந்தது. இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது வரிசையை. குறியீடு பின்னால் வந்தது. காது முன்னால் வந்தது. வயலிலும் வீட்டிலும் மேடையிலும் கேட்டவை உள்ளே நிறைந்த பிறகுதான் புத்தகம் வந்தது. ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் தம் நாட்டுப் பள்ளிகளுக்கு வலியுறுத்தியதும் ஏறத்தாழ இதுதான்: தாய்மொழியின் நாட்டுப்பாடலில் தொடங்கு, குறியீடு பிறகு. ‘நம் பள்ளியிலிருந்து அடுத்த இளையராஜா’ என்று மேடையில் பேசுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். எல்லாப் பிள்ளைகளும் இளையராஜா ஆக வேண்டியதில்லை. அவருடைய பாட்டைக் காது திறந்து கேட்கத் தெரிந்தால் போதும்.

அதற்கும் ஒரு பயிற்சி உண்டு. அவருடைய பாடல் ஒன்றை மூன்று முறை ஒலிக்க விடுங்கள். முதல் முறை தாளக்கருவியை மட்டும் பின்தொடர வேண்டும். இரண்டாம் முறை புல்லாங்குழலோ வயலினோ எங்கே நுழைகிறது, எங்கே விலகுகிறது என்று விரலால் காட்ட வேண்டும். மூன்றாம் முறை, பாடுபவரின் குரலுக்கு அடியில் தாழ்ந்து ஓடும் கிட்டாரை மட்டும் கேட்க வேண்டும். நூறு முறை கேட்ட பாட்டில் இதுவரை கேட்காத ஒன்று இருந்தது என்று தெரியும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டுப்பாடமாக ஒரு பாட்டுக் குறிப்பேடு தொடங்குங்கள். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, தெம்மாங்கு, விளையாட்டுப் பாட்டு எதுவானாலும், வீட்டிலோ தெருவிலோ ஒருவரிடம் கேட்டு எழுதி வர வேண்டும். பாடியவர் பெயர், ஊர், எப்போது பாடுவது, யாரிடம் கற்றார் என்பவையும் வேண்டும். நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ தொகுப்பை 1964இல் வெளியிட்டபோது செய்த வேலையின் சிறு வடிவம் இது. கூடலூர், கம்பம், போடி பக்கத்துப் பெண்கள் பலர் விடியும் முன்பே ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறார்கள். இருட்டும்போது திரும்பும் அம்மாவிடம் பாட்டுக் கேட்க நேரம் இருக்காது. ஆகவே ஒரு வாரக் கெடு வைக்காதீர்கள். ஒரு பருவம் முழுவதும் கொடுங்கள். பாட்டி, பக்கத்து வீட்டு ஆத்தா, சத்துணவுச் சமையலர் அக்கா, யாரும் சரியே. ஒப்பாரியைக் கேட்டு வரச் சொல்ல வேண்டாம். அது அழுகை, வீட்டுப்பாடமாகக் கேட்டு வாங்கக்கூடியது அன்று.

பறையைக் கையில் எடுக்கும் முன்

நம் பகுதியில் தாளக்கருவிக்குப் பஞ்சமில்லை. பறை, உறுமி, தவில், பம்பை எல்லாம் திருவிழாவுக்குத் திருவிழா ஒலிக்கின்றன. தேவராட்டத்தில் பாட்டுக்கு இடமில்லை. தேவதுந்துபியின் அடிக்கே கால் நகர்கிறது. இவற்றை வகுப்புக்குள் கொண்டுவர ஆசைப்படாத ஆசிரியர் இருக்க மாட்டார். ஆனால் ஒன்றை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். எந்தக் கருவியை எந்தத் தெருவினர் வாசிப்பார்கள் என்பது இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். சாவுக்கும் சாமிக்கும் பறை அடிப்பதைச் சில குடும்பங்களின் கட்டாய வேலையாக ஊர் வைத்திருந்த வரலாறு பழங்கதை ஆகிவிடவில்லை.

ஆகவே, “யார் வீட்டில் மேளம் அடிப்பாங்க? கையைத் தூக்குங்க” என்ற கேள்வி வகுப்பில் வரவே கூடாது. நல்லெண்ணத்தோடு கேட்டாலும், தாத்தாவின் கலை அந்த நொடியில் பேரனுக்கு அவமானமாகிவிடும். கருவியைக் குலுக்கல் முறையில் கொடுங்கள். எல்லாக் கைகளிலும் எல்லாக் கருவியும் சுற்றி வரட்டும். “எங்க வீட்டுல இதைத் தொடக் கூடாதுன்னு சொல்வாங்க டீச்சர்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதட்ட வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். தோலிலும் மரத்திலும் செய்தது பறை, மிருதங்கமும் தோலிலும் மரத்திலும் செய்ததே என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பெற்றோர் கேட்க வந்தால் தலைமையாசிரியரோடு சேர்ந்தே பேசுங்கள். இதில் ஓர் ஆசிரியர் தனியாக நிற்க நேரக் கூடாது.

கலைஞரை அழைத்தால் விருந்தினருக்குரிய நாற்காலியில் உட்கார வையுங்கள். பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டுப் பலகையில் எழுதுங்கள். மதிப்பூதியத்தை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள். சால்வை மட்டும் போதாது. அவர் வாசித்துக் காட்டிவிட்டுப் போவதைவிடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவது நல்லது. சிம்புக்குச்சியைப் பிடிக்கும் விதம், அடிக்குச்சியின் கோணம், பறையை ஏன் தீயில் காய்ச்சுகிறார்கள் என்பது எல்லாவற்றையும் அவரே சொல்லட்டும். சூட்டில் தோலின் ஈரம் போய் இழுவிசை கூடுகிறது, ஒலி உயர்கிறது. நம் கம்பிப் பலகையில் பார்க்காமல் விட்ட பாதி இங்கே கிடைக்கிறது: நீளம் மட்டுமல்ல, இழுவிசையும் ஒலியை மாற்றும். அன்றைக்கு அறிவியல் ஆசிரியர் அவர்தான்.

நேரம் எங்கே இருக்கிறது?

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். இசைக்கென ஒதுக்கிய பாடவேளையைத் தேர்வு நெருங்கும்போது கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கொடுத்துவிடும் வழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அதை எதிர்த்துப் பேசலாம்; பேச வேண்டும். ஆனால் யாரும் பிடுங்க முடியாத நேரம் ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது வருகைப்பதிவு.

‘உள்ளேன் ஐயா’, அல்லது ‘உள்ளேன் அம்மா’. எதைச் சொன்னாலும் நான்கு நேரசை: தாம் தாம் தாம் தாம். ஆசிரியர் பெயரைச் சொல்ல நான்கு எண்ணிக்கை எடுத்துக்கொள்ளலாம்; செல்வி என்றால் இரண்டு அசை, இரண்டு நிறுத்தம். பிள்ளையின் விடைக்கு நான்கு. ஆளுக்கு ஓர் ஆதி தாளம். மொத்த வகுப்பும் தாளம் போட்டுக்கொண்டிருக்க, பெயரும் விடையும் இடறாமல் ஓட வேண்டும். நாற்பது பேருக்கு 320 எண்ணிக்கை. நிமிடத்துக்கு நூறு என்ற வேகத்தில் போனால் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். வழக்கமாக வருகை எடுக்க ஆகும் நேரமும் அவ்வளவுதான். தாளம் பழகிய பிறகு, பிள்ளைகள் தங்கள் விடையைக் குரலில் தொடங்கி இளியில் முடிக்கலாம், அல்லது தமக்குப் பிடித்த இரண்டு சுரங்களில் சொல்லலாம். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை நான்கு கைதட்டால் விடை சொல்லட்டும்; அதையும் வருகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வராத பிள்ளையின் பெயரையும் விடாமல் படியுங்கள். அதற்குப் பின் வரும் நான்கு எண்ணிக்கையில் யாரும் குரல் கொடுக்க வேண்டாம். தாளம் மட்டும் போகட்டும். ஐந்தாவதில் அடுத்த பெயர்.